கயிறு இல்லாத லிஃப்ட்

1

ட்ர்ர்ர்ரிங்!

அலாரத்தை அடித்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் மானம் போய்விடும்.

வாரப் பத்திரிகை அலுவலகத்தின் லிஃப்ட், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. என் கையில் அந்த வாரத் தொடர்கதையின் அத்தியாயம். ஐந்தாவது மாடியில் அதற்காகக் காத்திருக்கும் ஆசிரியர். நான் சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, என் மூச்சே அதற்குள்ளிருந்துதான் வருகிறது என்பதுபோல நின்றேன்.

"பட்டனை விடுங்க சார், காது போயிடும்," என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

லிஃப்ட்டின் கூரையில், பொத்தான்களுக்கு நேர் மேலே, காற்றுக்காக ஒரு கம்பி வலை உண்டு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு டார்ச் வெளிச்சமும் ஒரு மூக்கும் தெரிந்தன. லிஃப்ட் மெக்கானிக்கை நான் முதலில் சந்தித்தது அந்த மூக்களவில்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"என்ன கோளாறுன்னு பாக்கணும். அதுவரைக்கும் பேசிக்கிட்டே இருங்க. பேசிக்கிட்டே இருந்தா பயம் தெரியாது."

"எனக்கு ஒன்றும் பயமில்லை."

"அதான் சட்டையெல்லாம் வேர்வையா? என்ன வேலை சார் உங்களுக்கு?"

சொன்னேன். டார்ச் ஆடியது.

"அட, அந்தத் தொடர்கதை எழுதறவரா! போன வாரம் மொட்டை மாடியிலேருந்து ஒரு பொண்ணைத் தள்ளி விட்டீங்களே, செத்துட்டாளா?"

"அடுத்த இதழில் தெரியும்."

"அடுத்த இதழ் உங்க கையிலதானே இருக்கு? சொல்லிடுங்களேன், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லக் கூடாது."

மேலே ஒரு பெருமூச்சு. அதோடு கொஞ்சம் தூசியும் என் தலையில் விழுந்தது.

"நீங்களும் அப்படித்தான். உள்ள இருக்கறவன் எவனும் வெளியில இருக்கறவனுக்கு உண்மையைச் சொல்றதில்லை. எங்க வீட்டுலயும் இதே கதைதான் சார்."

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தூசியோடு சேர்ந்து மேலேயிருந்து விழுந்தது.

2

விழுந்த கதையை எழுத உட்கார்ந்தேன். முதல் வரிதான் தகராறு.

முதல் முயற்சி: "விண்வெளி என்பது மனிதகுலத்தின் ஆதிக் கனவு. அந்தக் கனவின் வாசலில் நின்று—"

[வாசல்வரை வந்ததும் கொட்டாவி வந்துவிட்டது. எனக்கே.]

இரண்டாவது முயற்சி: "அவள் ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். அதைப் போர்த்திக்கொள்ளப் போவது மனிதன் அல்ல."

[கெட்டிக்காரத்தனமான வரி. ஆனால் அடுத்த வரியில் பேய் வராவிட்டால் வாசகர்கள் கடிதம் போடுவார்கள்.]

மூன்றாவது முயற்சி: "லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியைச் சந்தேகித்தான்."

[உடனே உங்கள் புத்தி எங்கே போனது பார்த்தீர்களா? என் புத்தியும் அங்கேதான் போனது. வாரப் பத்திரிகைக்கு எழுதி எழுதி எனக்கும், படித்துப் படித்து உங்களுக்கும் அப்படி ஆகிவிட்டது. அந்தச் சந்தேகம் அல்ல. அவர் சந்தேகித்தது அவள் பார்த்த வேலையை.]

நான்காவது முயற்சியில் நகாசெல்லாம் உதறிவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன். அதை வைத்துக்கொள்கிறேன்.

3

கயிறு இல்லாமல் மேலே போகிற எதையும் அவர் நம்புவதில்லை.

ஊரில் இருந்த லிஃப்ட்டுகளில் பாதி அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரி லிஃப்ட், அடுக்குமாடி வீடுகளின் லிஃப்ட், எங்கள் பத்திரிகை லிஃப்ட். கட்டடங்களின் உச்சியில், வெயிலில் வேகும் மெஷின் ரூமுக்குள், கிரீஸ் வாசனையோடு அவர் ஆயுளில் பாதி கழிந்திருந்தது. ஒரு பெட்டி மேலே போக என்னென்ன வேண்டும் என்பது அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. எஃகுக் கயிறு வேண்டும். மறுபக்கம் இறங்குவதற்கு எடை வேண்டும். பிரேக் வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று போர்டு வேண்டும். ஒரு சிவப்புப் பொத்தான் வேண்டும். அதை அமுக்கினால் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

"எல்லாம் இருந்தும் எட்டு மாடி போறதுக்குள்ள நடுவுல நின்னுடுது. இதுல எதுவுமே இல்லாம நிலாவுக்குப் போச்சாம், வந்துச்சாம். யாரு காதுல பூ சுத்தறாங்க?"

அவர் மனைவி தையல்காரி. முதலில் ஒரு திரைச்சீலைக் கம்பெனியில் தைத்தாள். கை சுத்தம் என்று பெயர் வாங்கினாள். விண்கலம் செய்கிற இடத்திலிருந்து ஆள் கேட்டு வந்தார்கள், போனாள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவளிடம் அவர் கேட்டார்:

"அங்க என்ன தைக்கிறே?"

"போர்வை."

"யாருக்கு?"

"விண்கலத்துக்கு. தங்க நிறத்துல மெல்லிசாத் தாள் மாதிரி இருக்கும். அடுக்கு அடுக்கா வச்சு, நடுவுல வலைத்துணி வச்சுத் தைக்கணும்."

"ஏன், அதுக்குக் குளிருமா?"

"குளிரும். சுடவும் சுடும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலம் ஓடியது. அவள் தைத்த போர்வையோடு எத்தனையோ பெட்டிகள் போயின. படம் எடுக்கிறது, மழை சொல்கிறது, என்னவோ செய்கிறது, போகட்டும். அவருக்கு அது வீட்டு வேடிக்கை. பிறகு ஒருநாள், அடுத்த கலத்தில் ஆட்கள் ஏறிப் போகப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த வாரம்தான் அவர் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கத்தின் பெயர் 'தரையில் நிற்போர் சங்கம்'. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஞாயிறுதோறும் கூடும். தலைவர், தரையில் ஓடு பதிக்கும் மேஸ்திரி. தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற ரசமட்டத்தைச் சட்டைப்பையை விட்டு இறக்கமாட்டார், அதனால் பெயரே ரசமட்டம். "முப்பது வருஷமாத் தரை போடறேன். குமிழி ஒரு தடவையாவது சாஞ்சிருக்கா? உலகம் உருண்டைன்னா என் குமிழி எங்கடா நிக்கும்?" என்பது அவர் கொள்கை. இன்னொருவர் கல்யாண வீடியோக்காரர். நிலாவில் எடுத்த படத்தைப் பார்த்ததும் அவர் கண்டுபிடித்த உண்மை: "ரெண்டு லைட்டு போட்டிருக்கான். அதுவும் வாடகை லைட்டு."

இவர்களுக்கு மெக்கானிக் கிடைத்தது, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

"மாப்ளே, உன் வீட்டுக்காரம்மா உள்ளயே இருக்காங்க. ஒரே ஒரு துண்டு தங்கத்தாள் கொண்டாந்துடு. கடையில விக்கற ஜிகினாத் தாள்தான்னு ஒரு நிமிஷத்துல நிரூபிச்சுடலாம்," என்றார் ரசமட்டம்.

"முடியாதுண்ணே. குண்டூசியைக்கூட எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கறாங்களாம்."

"குண்டூசிக்குக் கணக்குக் கேக்கறவன் எங்கயாவது ராக்கெட் விடுவானா? யோசிச்சுப் பாருங்க," என்றார் வீடியோக்காரர்.

யோசித்தார்கள். டீ ஆறியது.

அவருக்கு உண்மையில் சுருக்கென்று தைத்தது ரகசியம் அல்ல, அதை அவள் தன்னிடமிருந்து மறைக்கிறாளே என்பதுதான். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, மனைவியைக் கேட்டே விட்டார்.

"இதோ பாரும்மா. என்கிட்ட மட்டும் சொல்லு. எல்லாம் செட்டுதானே?"

"எத்தனை தடவை சொல்றது? நிஜம்."

"எழுதி வாங்கிக்கிட்டாங்களா? மிரட்டறாங்களா? வாயால சொல்ல முடியலைன்னா கண்ணை ரெண்டு தடவை சிமிட்டு. நான் புரிஞ்சுக்கறேன்."

காலையிலிருந்து ஊசிமுனையையே உற்றுப் பார்த்த கண் அது. உறுத்தியது. சிமிட்டிவிட்டாள்.

அந்தச் சிமிட்டலைச் சங்கம் மூன்று ஞாயிற்றுக்கிழமை விவாதித்தது. ரெண்டு தடவையா, ரெண்டரைத் தடவையா? இடது கண் முந்தியதா? ரெண்டரை என்றால் 'நிஜம்தான், ஆனால் முழுசாக இல்லை' என்று அர்த்தம் வருமா? வீடியோக்காரர் மெக்கானிக்கை நாற்காலியில் உட்காரவைத்து, மனைவியைப் போலவே சிமிட்டச் சொல்லிப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மெக்கானிக் நன்றாகத்தான் சிமிட்டினார். ஆனாலும் முடிவு எட்டப்படவில்லை.

இதற்கிடையில் கலம் கிளம்பும் நாள் குறித்தாயிற்று. வேலை செய்தவர்கள் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்று அனுமதி.

"வரமாட்டேன்," என்றார் அவர்.

"நம்ப வேணாம். வந்து என் பக்கத்துல நில்லுங்க, போதும்."

"எல்லாரும் கை தட்டுவாங்க. நான் பொய்க்குக் கை தட்டமாட்டேன்."

"கையைப் பாக்கெட்டுல வச்சுக்கங்க."

அவள் அப்போது அவருடைய காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அங்கயே குவார்ட்டர்ஸ் தரேன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. இதுநாள்வரைக்கும் வேணாம்னேன். நீங்க வரலைன்னா வாங்கிக்கிறேன். நான் தைக்கிறது பொய்யின்னு நினைக்கிறவர் வீட்டுல உக்காந்து நான் எதைத் தைக்கிறது?"

சட்டையை மடித்து அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். பொத்தான் ரொம்ப ஒழுங்காகத் தைக்கப்பட்டிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

[பொத்தான் விஷயம் அவர் சொன்னதல்ல. நான் சேர்த்தது. சண்டை போடும்போது பெண்களின் கையில் ஏதாவது வேலை இருந்தால் வசனம் நன்றாக வரும். தொழில் ரகசியம்.]

இந்த இடத்தில் என் லிஃப்ட் ஒரு சாண் நகர்ந்தது. அவசரமாக ஒன்று கேட்டேன்.

"அந்தத் தங்கத்தாள் கிடைத்ததா, இல்லையா?"

"ஒருநாள் அவ முழங்கை மடிப்புல நகத்தளவு துண்டு ஒட்டிக்கிட்டு வந்துச்சு சார். அவளுக்கே தெரியாது. எடுத்து வச்சுக்கிட்டேன்."

"சங்கத்தில் காட்டினீர்களா?"

"லிஃப்ட் சரியாயிடுச்சு சார்."

கதவு திறந்தது. மேலேயிருந்து இறங்கி வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, கடன் கேட்பவரைப் போலத் தயங்கினார்.

"இதை எழுதுங்க சார். நான் போறேன்னு முடிச்சீங்கன்னா போறேன். போகலைன்னு முடிச்சீங்கன்னா போகலை. எனக்கு நானா முடிவு பண்ணத் தெரியலை."

"இது கதைங்க. கதையைப் படித்துவிட்டு யாராவது—"

"ராக்கெட் விடறவங்களை நம்பச் சொல்றீங்க, உங்களை நம்பக் கூடாதா?"



4

எழுத எழுத எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. (சந்தேகம் ஒட்டுவாரொட்டி.)

நடந்தது இது. அலுவலகத்தில் பிழை திருத்தும் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"லிஃப்ட் மெக்கானிக்கா? நான் மாட்டிக்கிட்டப்போ, சர்க்கஸ்ல பார் விளையாடினேன், வலை அறுந்து யானை மேல விழுந்தேன்னு சொன்னாரே!"

கணக்குப் பிரிவில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்கிட்ட ஒரு மலைப்பாம்புக்கு விக்கல் நிறுத்தினேன்னாரு."

அதாவது, நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பயம் தெரியாமலிருக்க அவர் மேலேயிருந்து ஏதாவது அளந்துகொண்டே இருப்பார். அது அவர் வேலை செய்யும் முறை. கோளாறு பெரிதாக இருந்தால் கதையும் பெரிதாக இருக்கும். அப்படியென்றால் தையல்காரி? போர்வை? சங்கம்? எல்லாம் எனக்காக அவிழ்த்துவிட்ட சரடா?

யோசித்துப் பாருங்கள். விண்வெளியை நம்பாத ஒருவரை, அவர் சொன்ன எதையும் நேரில் பார்க்காத நான் நம்பியிருக்கிறேன். அவர் இருக்கிறார் என்பதற்காவது அவர் மூக்கு சாட்சி. அவர் மனைவி இருக்கிறாள் என்பதற்கு அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதிரே போய் நின்றேன். டீக்கடை இருந்தது. ஒரு மேஜையின்மேல் ஒருவர் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜையில் கை ஊன்றியதும் குமிழி சாய்ந்தது. அவர் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஆபீஸ்லேருந்து அனுப்பினாங்க உங்களை?"

டீகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

5

ஆசிரியர் கதையை முடிவு வரைக்கும், அதாவது முடிவு இல்லாத இடம் வரைக்கும், படித்தார்.

"மாமியார் எங்கய்யா?"

"இந்தக் கதையில் மாமியார் இல்லை."

"குடும்பக் கதைங்கறே, மாமியார் இல்லைங்கறே. மாமியார் ராத்திரியோட ராத்திரியா அந்தப் போர்வையில ஒரு தையலைப் பிரிச்சு விட்டுடறா. மருமக கண்டுபிடிக்கிறா. 'அத்தை!' தொடரும். அப்புறம் எட்டு வாரத்துக்குக் கவலையில்லை."

மாமியார் எப்படி உள்ளே போவாள் என்று கேட்டேன். "மாமியாரை யாரு தடுக்க முடியும்?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள் இவை:

முதலாவது. அவர் போகிறார். கலம் எழும்புகிறது. தீ, புகை, இடி. அவர் கண்களில் நீர். "என்னை மன்னிச்சுடும்மா!" அவள் விழிகள் நட்சத்திரங்களைப் போல மின்ன— [விளம்பரப் படம். பின்னால் சோப்பு வரும்.]

இரண்டாவது. அவர் போகவில்லை. டீக்கடைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். வீடியோக்காரர், "இந்தப் புகை கல்யாணத்துக்கு நான் போடற புகை" என்கிறார். வீட்டுக்கு வந்தால் தையல் இயந்திரம் இருந்த இடத்தில் நாலு காலின் தடம். [நன்றாக இருக்கிறது. அதுதான் சிக்கல். அந்த மனிதர் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்வார். நாலு கால் தடத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.]

மூன்றாவது. அவள் தோற்றுப்போய், "ஆமாங்க, எல்லாம் பொய்தான்" என்கிறாள். அவர் மகிழ்ச்சியில் துள்ளி, "இப்பவாவது சொன்னியே!" என்று அவளைக் கட்டிக்கொள்கிறார். இருவரும் சந்தோஷமாக வாழ்கிறார்கள், ஒரு பொய்யின்மேல், ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் சாயாமல். [இதுதான் ரொம்ப நிஜமாக இருந்தது. அதனாலேயே பயமாக இருந்தது.]

6

மூன்றாவது முடிவின்மேல் நான் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பெண்மணி வந்து நின்றார். தோளில் துணிப்பை. வலது கை நடுவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பு.

"மெக்கானிக் கதையை எழுதறவர் நீங்கதானே? நான் அவர் வீட்டுல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாம் எழுதிய ஆள் காலில் செருப்போடு எதிரே வந்து நிற்பது எல்லா எழுத்தாளருக்கும் வாய்ப்பதில்லை. (ஒருவேளை எல்லோருக்கும் வாய்த்து, அவர்கள் மறைக்கிறார்களோ?)

"உக்காருங்க."

"உக்கார நேரமில்லை, லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். எழுதினதைக் காட்டுங்க."

மேலே இருந்த தாள்களைக் கொடுத்தேன். தங்கத்துண்டு வருகிற தாளை மட்டும் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் தள்ளினேன். அவர் நின்றுகொண்டே, தையலில் குறை தேடுவதுபோல வரி வரியாகப் பார்த்தார்.

"கண்ணு மின்னாது எனக்கு. மின்னினா கண்ணாடி போட்டிருக்கேன்னு அர்த்தம்."

"அடித்துவிடுகிறேன்."

"பொத்தான் தைச்சது உங்களுக்கு யாரு சொன்னா?"

"அது... கற்பனை."

"கற்பனையா? அன்னிக்குப் பொத்தான்தான் தைச்சுக்கிட்டிருந்தேன்." என்னைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார். "எங்க வீட்டு ஜன்னல் பக்கம் வந்தீங்களா?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். அது எவ்வளவு பொய்யாகக் கேட்கிறது என்பது எனக்கே கேட்டது.

அவர் தாள்களை மேஜைமேல் தட்டி, ஓரங்களைச் சமமாக்கி வைத்தார்.

"பதினாறு வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன். நான் தைக்கிறதை நம்பமாட்டேங்கிறார், நீங்க எழுதறதை நம்பறார். அங்க போனா ஒரு துண்டு குறையுதுன்னு எங்களை முட்டி போட்டுத் தரையெல்லாம் தேட வைக்கிறாங்க. இங்க வந்தா எல்லாமே ஜிகினாங்கிறார். நடுவுல நான் மனுஷியா, ஊசியா?"

"என்ன எழுத வேண்டும், சொல்லுங்கள்."

"வந்தார்னு எழுதுங்க. வந்து நின்னார்னு மட்டும். மன்னிப்புக் கேட்டார், அழுதார், அதெல்லாம் வேணாம், அவருக்கு வராது. நான் குவார்ட்டர்ஸ் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுப் பையில வச்சிருக்கேன். குடுக்க எனக்கு ஆசையில்லை."

கீழே வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று கூடவே போனேன். லிஃப்ட்டில் ஏறினோம்.

நின்றது.

[இங்கே நீங்கள் பத்திரிகையை மூடிவைத்துச் சிரிப்பது தெரிகிறது. "வேண்டுமென்றே நிறுத்திவிட்டான்" என்கிறீர்கள். அந்த லிஃப்ட் யார் ஏறினாலும் நிற்கும், அதற்குப் பேர் பராமரிப்புக் குறைவு. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் யாரோ திட்டம் போட்டார்கள் என்று நினைப்பது எப்படி வருகிறது, பார்த்தீர்களா? சங்கத்தில் இன்னும் இடம் இருக்கிறதாம்.]

நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அவர் பதறவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவரை முதல்ல பாத்ததே இப்படித்தான். திரைச்சீலைக் கம்பெனி லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டேன். கரெண்ட்டும் போயிடுச்சு, ஒரே இருட்டு. மேலேருந்து இவர் குரல் மட்டும் வருது. யானை மேல விழுந்தேன், அது இதுன்னு நிறுத்தாம பேசறார். பொய்யின்னு அப்பவே தெரியும். ஆனா அவர் நிறுத்தினாத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு."

மேலே காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்மணி சட்டென்று கம்பி வலைக்கு எட்டாத மூலைக்கு நகர்ந்து, உதட்டில் விரல் வைத்தார்.

டார்ச் எரிந்தது. மூக்கு தெரிந்தது.

"யாரு, நம்ம சாரா! தனியாவா இருக்கீங்க?"

மூலையைப் பார்த்தேன். தலை 'ஆமாம் என்று சொல்' என்றது.

"தனியாகத்தான்."

(இந்தக் கதையில் நான் சொன்ன ஒரே பொய் இது. மற்றதெல்லாம் கற்பனை.)

"முடிவு எழுதியாச்சா சார்? நாள் நெருங்குது."

"ஒரு இடம் இடிக்கிறது. அந்தத் தங்கத்துண்டை நீங்கள் ஏன் சங்கத்தில் காட்டவில்லை?"

மூலையில் ஒரு கை வாய்க்குப் போனது. முட்டி போட்டுத் தேடியவர் கை.

மேலே ஸ்பானர் சத்தம் நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் பயமாகத்தான் இருக்கிறது.

"காட்டினா பிச்சுப் பாப்பாங்க சார். நான் லென்ஸ் வச்சுப் பாத்துட்டேன். ஓரத்துல அவ தையல் இருக்கு. என் சட்டைப் பொத்தான்ல இருக்கற அதே தையல், அவ்வளவு ஒழுங்கு. ஊரை ஏமாத்தறதுக்கு யாரும் இப்படித் தைக்கமாட்டாங்க. ஏனோதானோன்னு தைப்பாங்க. யாரு கிட்டப் போய்ப் பாக்கப் போறாங்க?"

"அப்படியென்றால் நிஜம் என்று உங்களுக்குத் தெரியும்."

"துண்டு கிடைச்ச அன்னிக்கே தெரியும்."

7

இதற்கு மேல் என்னால் முடியாது. இனி உங்கள் பாடு.

நீங்கள் இப்போது லிஃப்ட்டுக்குள் இருக்கிறீர்கள். மேலே அவர். மூலையில் அவர் மனைவி, தோள் பையில் கையெழுத்துப் போட்ட ஃபாரம். கலம் கிளம்ப இன்னும் சில நாள்தான். நான் அவரிடம் கேட்ட கடைசிக் கேள்வியையும் அதற்கு அவர் சொன்ன பதிலையும் கீழே எழுதியிருக்கிறேன். அந்தப் பதிலைக் கேட்டதும் மூலையில் இருந்தவர் வாய் திறந்து பேசினாரா, மறுபடியும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாரா, ஃபாரத்தை என்ன செய்தார், கலம் கிளம்பும் நாளில் மெக்கானிக் போய் அவள் பக்கத்தில் நின்றாரா, நின்றால் கை பாக்கெட்டில் இருந்ததா, எல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள். பார்த்துச் செய்யுங்கள். அவர் நீங்கள் சொல்கிறபடிதான் செய்வார்.

(மாமியாரை மட்டும் கொண்டுவராதீர்கள்.)

"தெரிந்தும் ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

வலை வழியாக டார்ச் என் முகத்தை விட்டு விலகியது.

"நம்பிட்டா, அந்தக் கலத்துக்குள்ள ஆள் இருக்குன்னு ஆயிடுது சார்... அவ்வளவு தூரத்துல நடுவுல நின்னுட்டா, மேலேருந்து யாரு சார் அவங்ககிட்ட பேசிக்கிட்டு இருப்பாங்க?"